விலை வெட்டிய 27 அங்குல மொனிட்டர்: எடுக்கலாமா?

கேள்வி: உப்புவெளியில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். தமிழ் தட்டச்சு, விண்ணப்பப் படிவம், கல்யாணக் கார்ட், பாஸ்போர்ட் அளவுப் படம் எல்லாம் லப்டொப்பிலேயே செய்வதால் கண் வலிக்கிறது. திருகோணமலை டவுனில் ஒரு கடையில் 27 அங்குல வளைந்த மொனிட்டர் ஒன்று இருக்கிறது. ஃபுல் எச்டி, விஏ பெனல், 100 ஹேர்ட்ஸ். 62,000 ரூபாவை வெட்டி 43,500 என்று போட்டிருக்கிறார்கள். காட்சிக்கு வைத்திருந்த கடைசி ஒன்றாம். எடுக்கலாமா?

பதில்: உங்கள் வேலைக்கு அது வேண்டாம். அந்தக் காசுக்குள் 24 அங்குல ஐபிஎஸ் திரை ஒன்றைப் பெட்டி பிரிக்காத புதிதாக வாங்கப் பாருங்கள். (ஐபிஎஸ், விஏ, டிஎன் என்பவை திரைப் பெனலின் வகைகள்.) வீட்டில் பெடியன் கேம் விளையாடக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். இருட்டு அறையில் படம் பார்க்கவும் விளையாடவும் விஏ பெனல் நல்லதுதான். கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரியும்.

முதல் சிக்கல் எழுத்து. ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். திரை பெரிதானாலும் புள்ளிகளின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு புள்ளியும்தான் பெரிதாகும். 24 அங்குலத்தில் ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 புள்ளிகள் வரும், 27 அங்குலத்தில் 82 அளவில் நின்றுவிடும். ஆங்கிலம் ஓரளவு தாங்கும். தமிழில் ணி, ஞு, ழூ போன்ற சுழிகள் சிறிய எழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்கப் பெயரும் முகவரியும் அடிப்பவருக்கு இது கண்வலியைக் குறைக்காது. 27 அங்குலம்தான் வேண்டுமென்றால் 2560க்கு 1440 உள்ளதை எடுக்க வேண்டும். அதன் விலை வேறு. இன்னொரு வசதியும் உண்டு. 24 என்று விற்கும் திரைகளில் பெரும்பாலானவை 23.8 அங்குலம். அதன் உயரம் கிட்டத்தட்ட 29.6 சென்ரிமீற்றர், ஏ4 தாளின் உயரம் 29.7. ஒரு பக்கத்தை ஏறக்குறைய அசல் அளவிலேயே முழுதாக வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, உங்கள் வாடிக்கையாளர் எங்கே நிற்கிறார்? மேசைக்குப் பக்கத்தில் நின்று தலையை நீட்டி, “தம்பி, மாப்பிள்ளையின் இனிஷியல் பிழை” என்று சொல்பவர்கள்தான் அதிகம். பக்கவாட்டில் பார்க்கும்போது விஏ பெனலில் நிறம் வெளிறும், வளைந்த திரையென்றால் அவருக்குக் கோணம் இன்னும் மாறும். உங்களுக்குச் சிவப்பாகத் தெரியும் கார்ட் அவருக்கு வேறு சிவப்பு. பிறகு அச்சில் வந்ததும் சண்டை. ஐபிஎஸ் பெனலில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. டிஎன் என்று போட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள், அதில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிறம் மாறும்.

பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற எண்களைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஹேர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்குத் திரை எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு, உங்கள் வேலைக்கு 75 ஹேர்ட்ஸும் 100 ஹேர்ட்ஸும் ஒன்றுதான். பத்து மில்லியனுக்கு ஒன்று என்ற ‘டைனமிக்’ கொன்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) வெறும் விளம்பரம். உண்மையில் சாதாரண ஐபிஎஸ் 1000க்கு ஒன்று, விஏ 3000க்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். 250 நிட்ஸ் வெளிச்சமுள்ள திரையில் எச்டிஆர் (வெளிச்சமும் இருளும் கூடுதல் வித்தியாசத்தோடு தெரியும் வசதி) என்று ஒட்டியிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம், டிஸ்பிளேஎச்டிஆர் தரச்சான்றின் அடிப் படிக்கே 400 நிட்ஸ் வேண்டும். ஆனால் உங்கள் கடை வாசல் வீதியைப் பார்த்திருந்தால் 250க்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். பகல் வெயிலில் ஒன்றும் தெரியாது.

அடுத்தது விலை. வெட்டிய 62,000 எப்போதாவது உண்மையான விலையாக இருந்ததா என்பது நமக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. திரைக்குப் பின்னால் உள்ள மொடல் இலக்கத்தைக் கடைசி எழுத்துவரை போனில் படம் எடுங்கள். ஒரே வரிசையில் கடைசி எழுத்து மாறினால் பெனலே மாறலாம். அந்த இலக்கத்தைக் கொழும்புக் கடைகளின் இணையத்தளங்களில் தேடி, வற் சேர்ந்த விலையையும் அனுப்பும் செலவையும் கூட்டிப் பார்த்தால்தான் இது கழிவா இல்லையா என்று புரியும்.

காட்சிக்கு வைத்த திரை பற்றி எனக்குத் தனியாகப் பயம் உண்டு. காலையில் இருந்து கடை பூட்டும்வரை முழு வெளிச்சத்தில் ஓடியிருக்கும். அதோடு நம் ஊர்க் கடற்காற்று. கேபிள் செருகும் எச்டிஎம்ஐ துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அத்தோடு விடுங்கள். எந்தத் திரை எடுத்தாலும் லப்டொப்பைக் கையோடு கொண்டுபோய் உங்களுடைய கல்யாணக் கார்ட் ஒன்றையே திறந்து பாருங்கள். கடைக்காரர் போடும் பஞ்சவர்ணக்கிளி வீடியோவில் எல்லாத் திரையும் அழகுதான். பிறகு முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி, செத்த புள்ளி (நிறம் மாறாமல் அப்படியே நிற்கும் புள்ளி) இருக்கிறதா பாருங்கள். வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, திரைக்கு முன்னால் பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் தனித்தனித் துண்டுகளாகத் தெரிந்தால் அந்தத் திரை விட்டுவிட்டு மின்னுகிறது. உங்கள் கண்வலியைக் கூட்டிவிடும்.

பில்லில் வொரன்டி வரிகளை வாசிக்காமல் காசு கொடுக்காதீர்கள். ஒரு வருடம் என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் 350 நாள் என்று இருக்கலாம். இடி மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கம், எரிந்த தடம், துரு ஆகியவற்றையும் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பார்கள். கடலோரத்தில் இருப்பவருக்குத் துரு விலக்கு என்பது பெரிய விலக்கு. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு மின் பிளக்கோடு லப்டொப் கேபிளையும் கழற்றி வையுங்கள். பழுதானால் திரையைக் கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது, எத்தனை செத்த புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்கள், இந்த இரண்டையும் கேட்டு, சீரியல் இலக்கத்தோடு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கும் கடையில் எந்தக் கழிவும் எனக்கு ருசிக்காது. பில் இருந்தும் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் முறையிடலாம்.

நீங்கள் சொன்ன அதே கடையிலேயே 24 அங்குல ஐபிஎஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கால் உள்ளது கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கீழே இரண்டு ஏ4 தாள் கட்டுகளை வைத்துச் சமாளிக்கலாம், உங்கள் கடையில் அதற்குப் பஞ்சமில்லை. பெட்டிக்குள் பழைய வகையான விஜிஏ கேபிள் மட்டும் வந்தால் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றைப் பேரத்தில் சேர்த்துக் கேளுங்கள்.