விழுந்த இலையை யாரு பெருக்குறது? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கேள்வி: என் பொண்ணுக்கு 24 வயசு. ஆறு மாசமா மூட்டு வலி, கன்னம் ரெண்டுலயும் சிவப்பா தடிப்பு, முடி கொத்து கொத்தா கொட்டுது. இப்போ லூபஸ்னு சொல்லிட்டாங்க. "உடம்பே உடம்பை எதிர்க்குது"ன்னு டாக்டர் சொன்னார். அது எப்படி டாக்டர், சொந்த உடம்பையே எதிரியா நினைக்கும்? நாங்க சாப்பாட்டுல ஏதும் தப்பு பண்ணிட்டோமா? (பெயர் வேண்டாம், விருதுநகர்)

பதில்: முதல்ல சாப்பாட்டை விடுங்கம்மா. நீங்க கத்திரிக்கா போட்டதாலயோ கருவாடு போட்டதாலயோ வந்த வியாதி இல்ல இது. லூபஸ் வர்றவங்கள்ல பத்துல ஒன்பது பேர் பொம்பளைங்க, பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க. ஜீன், ஹார்மோன்னு நாலஞ்சு விஷயம் ஒண்ணு கூடினாதான் வரும், யாரும் குற்ற உணர்ச்சி படவேண்டியதில்ல.

இப்போ உங்க பொண்ணு ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. ஏஎன்ஏ பாசிட்டிவ்னு அநேகமா இருக்கும், டிஎஸ் டிஎன்ஏவும் பாசிட்டிவா இருக்கலாம். ரெண்டுமே ஆன்டிபாடியைத் தேடுற டெஸ்ட், ஆன்டிபாடின்னா கிருமியைப் பிடிக்க உடம்பு பண்ற புரதம். ஏஎன்ஏ தேடுறது நியூக்ளியஸுக்கு எதிரானதை, டிஎஸ் டிஎன்ஏ தேடுறது டிஎன்ஏவுக்கு எதிரானதை. அதாவது டிஎன்ஏவுக்கு எதிராவே உடம்பு ஆன்டிபாடி பண்ணி வச்சிருக்கு. இங்கதான் நமக்கு இடிக்கணும். டிஎன்ஏ எங்க இருக்கு? செல்லுக்குள்ள நியூக்ளியஸ், அதுக்குள்ள. பீரோக்குள்ள இருக்கிற லாக்கர் மாதிரி. தெருவுல ரோந்து போற போலீஸ் கண்ணுல லாக்கர்ல இருக்கிற நகை எப்படிங்க படும்? பீரோ உடைஞ்சு சாமான் எல்லாம் தெருவுல கிடந்தாதான் படும். அதனால லூபஸ் கதையை ஆன்டிபாடியில ஆரம்பிக்காம செல் எப்படி சாகுதுங்கிறதுல ஆரம்பிக்கணும்.

செல் சாகுறது தப்பே இல்ல. தினமும் நம்ம உடம்புல ஆயிரக்கணக்கான கோடி செல் சாகுது, நமக்கு ஒரு சத்தமும் கேக்குறதில்ல. கெர், வைலி, கர்ரின்னு மூணு பேர் 1972ல இந்த அமைதியான சாவுக்கு அப்போப்டோசிஸ்னு பேர் வச்சாங்க, கிரேக்கத்துல அதுக்கு மரத்துலேர்ந்து இலை உதிர்றதுன்னு அர்த்தம். காவோலை விழ குருத்தோலை சிரிக்குதுன்னு நம்ம ஊர்ல சொல்ற மாதிரிதான், பழசு விழும் புதுசு வரும். விழுந்த இலையை மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் உடனே வந்து முழுங்கிடும், தினம் காலைல வேப்பிலையை பெருக்கி வாசல் தெளிக்கிற மாதிரி.

பெருக்கலைன்னா? ரெண்டு நாள் மழையில ஊறினா இலை அழுகும், நாறும், ஈ மொய்க்கும். லூபஸ் உள்ளவங்க பலருக்கு இந்த பெருக்குற வேலை மந்தமா நடக்குது. செத்த செல் சுருங்கிக் கிடந்து, அப்புறம் வெடிச்சு, உள்ள இருந்த டிஎன்ஏ எல்லாம் வெளிய வந்துடுது. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச பலமான சாட்சி சி1க்யூங்கிற புரதம். செத்த செல் மேல ஒட்டிக்கிட்டு "இதை எடு"ன்னு காட்டுறது அதோட வேலைகள்ல ஒண்ணு. அது சுத்தமா இல்லாம பிறக்கிறவங்க ரொம்ப ரொம்ப கம்மி, ஆனா அப்படி பிறந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு லூபஸ் வந்துடுது.

கேள்வி: பயோடெக் படிக்கிறேன் சார். பைராப்டோசிஸ், நெக்ரோப்டோசிஸ், நெட்டோசிஸ்னு க்ளாஸ்ல சொல்றாங்க, எல்லாமே செல் சாவுதானே, எதுக்கு இத்தனை பேர்? இதுக்கும் லூபஸ் மாதிரி ஆட்டோஇம்யூன் வியாதிக்கும் என்ன சம்பந்தம்? (மாணவர், திருச்சி)

பதில்: நல்ல கேள்வி தம்பி, பேரை விடுங்க, வித்தியாசம் மட்டும் பிடிச்சுக்கோங்க. மேல சொன்னது சத்தமில்லாத சாவு. நீங்க சொல்ற மூணும் ஊரைக் கூட்டிட்டு சாகுற சாவு.

பைராப்டோசிஸ்ல பைரோன்னா நெருப்பு. சால்மொனெல்லா மாதிரி கிருமி உள்ள பூந்துட்டா செல் தன்னோட தோல்லயே ஓட்டை போட்டுக்கும். ஓட்டை போடுற புரதம் காஸ்டெர்மின் டி, 2015லதான் கண்டுபிடிச்சாங்க. அந்த ஓட்டை வழியா ஐஎல்-1 பீட்டான்னு ஒரு சிக்னல் வெளிய போகும், காய்ச்சல் வரும், வெள்ளை அணுப் பட்டாளம் ஓடி வரும், கிருமியும் ஒளிய இடமில்லாம மாட்டும். நெக்ரோப்டோசிஸ் ஒரு ஸ்பேர் பிளான். சில வைரஸ் கெட்டிக்காரத்தனமா அப்போப்டோசிஸை நிறுத்தி வைக்கும், அப்போ செல் ஆர்ஐபிகே1, ஆர்ஐபிகே3, எம்எல்கேஎல்னு மூணு புரதம் வழியா வேற ரூட்ல போய் வெடிச்சு செத்துடும். ரெண்டுமே நல்லதுக்கு வச்ச ஏற்பாடு, காரணமில்லாம நடந்தாதான் வில்லங்கம்.

லூபஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது மூணாவதா இருக்கிற நெட்டோசிஸ். 2004ல பெர்லின்ல மேக்ஸ் பிளாங்க் ஆளுங்க ஒண்ணு பாத்தாங்க, நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு கிருமியைப் பிடிக்க தன்னோட டிஎன்ஏவையே வலையா வீசுது. வீசிட்டு பெரும்பாலும் அதுவே செத்துடும். வலை வீசுறது சரி, சுருட்டணும்ல? ரத்தத்துல இருக்கிற டிஎன்ஏஸ்ங்கிற என்சைம்தான் அதை அறுத்து கரைக்கணும், லூபஸ் உள்ள சிலருக்கு அந்த கரைக்கிற சக்தி கம்மியா இருக்கு. அப்போ என்ன ஆகும், வலை கரையோரம் அப்படியே கிடக்கும், அதுல இருக்கிற டிஎன்ஏவை வைரஸ் டிஎன்ஏன்னு நினைச்சு சில செல்லுங்க இன்டர்ஃபெரான்ங்கிற எச்சரிக்கை புரதத்தை விட்டு சைரன் அடிக்கும், சைரன் கேட்டு பி செல்ங்கிற வெள்ளை அணு டிஎன்ஏவுக்கு எதிரா ஆன்டிபாடி பண்ணும், அந்த ஆன்டிபாடியும் டிஎன்ஏவும் கட்டியா சேர்ந்து கிட்னியில போய் படியும், அதே கட்டி இன்னும் நாலு நியூட்ரோஃபிலை தூண்டி மறுபடி வலை வீச வைக்கும். செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும்.

உடம்பே மூட்டைத் தாக்குற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்லயும் இந்த வலைக்கு பங்கு இருக்கு. வலையில சிட்ருலின் ஏறின, அதாவது கொஞ்சம் உருமாறின புரதங்கள் ஒட்டியிருக்கும், நாங்க எழுதித் தர்ற ஆன்டி சிசிபி டெஸ்ட் அந்த மாதிரி புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் தேடுது.

ஒரு பழைய கதை. 1948ல மேயோ கிளினிக்ல ஹார்க்ரேவ்ஸ்னு ஒரு டாக்டர் மைக்ரோஸ்கோப்ல, வேற ஒரு செல்லோட நியூக்ளியஸை முழுங்கி வயிறு உப்பி நிக்கிற வெள்ளை அணுவைப் பாத்து எழுதினார். எல்இ செல்னு அதைத்தான் லூபஸைக் கண்டுபிடிக்க லேப்ல ரொம்ப வருஷம் தேடிக்கிட்டிருந்தாங்க. செத்த செல்லுதான் விஷயம்னு அன்னிக்கே கண்ணு முன்னாடி இருந்திருக்கு.

கேள்வி: லூபஸ்னா வெயில்ல போகக்கூடாதாமே, நான் ஸ்கூட்டர்ல தினம் ஆபீஸ் போறவ. (மதுரை)

பதில்: வெயில்ல இருக்கிற அல்ட்ரா வயலட் தோல் செல்லை சாகடிக்கும்மா. எல்லாருக்கும்தான், ஆனா உங்களுக்கு அது சுத்தமாகாம கிடக்கும். 1994ல ஒரு ஆராய்ச்சியில, வெயில் கதிர் பட்டு சாகுற தோல் செல்லோட மேற்பரப்புல கொப்புளம் கொப்புளமா கிளம்புது, லூபஸ் ஆன்டிபாடி குறிவைக்கிற புரதங்க அந்த கொப்புளத்துக்குள்ளதான் வந்து கூடுதுன்னு காட்டினாங்க. அதனாலதான் ஒரு நாள் வெயிலுக்கு தடிப்பு மட்டுமில்லாம மூட்டு வலியும் சிலருக்கு கிளம்புது. முழுக்கை, முகம் மூடுற ஷால், சன்ஸ்கிரீன், மத்தியானம் வெளிய போறதைக் குறைக்கிறது. வேலையை விடவேண்டாம்.

கேள்வி: ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மலேரியா மாத்திரையாமே? கண்ணு போயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்லி நிறுத்திட்டேன். இந்த செல் சாவையே நிறுத்துற மருந்து வராதா? (சேலம்)

பதில்: தயவுசெஞ்சு உங்க டாக்டரைப் பாத்து இந்த வாரமே மறுபடி ஆரம்பிங்க, இதை நிறுத்தினா வியாதி கிளம்புறதுக்கு வாய்ப்பு அதிகம். கீழ கிடக்கிற டிஎன்ஏ, ஆர்என்ஏவைப் பாத்து சைரன் அடிக்கிற சென்சார் செல்லுக்குள்ள இருக்கு, அதை இந்த மாத்திரை மந்தமாக்குது. கண் பயம் பொய்யில்ல, ஆனா ஒரு கிலோ எடைக்கு தினம் 5 மில்லிகிராம் தாண்டாம எடுத்து, ஆரம்பத்துல ஒரு தடவையும் அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷமும் கண் டெஸ்ட் பண்ணினா பெரும்பாலும் முன்கூட்டியே பிடிச்சுடலாம். கிட்னி கோளாறு இருந்தா இன்னும் சீக்கிரமே டெஸ்ட் ஆரம்பிக்கணும்.

சாவை நிறுத்துற மருந்தா? நெக்ரோப்டோசிஸ்ல சொன்ன ஆர்ஐபிகே1ஐத் தடுக்கிற ஒரு மாத்திரையை ருமட்டாய்டுல போட்டுப் பாத்தாங்க, சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. ஒரு கதவை அடைச்சா செல் இன்னொரு கதவு வழியா செத்துப்போகுதோ என்னமோ, அது என் யூகம். இன்டர்ஃபெரான் சைரனை அடைக்கிற அனிஃப்ரோலுமாப்ங்கிற மருந்துக்கு 2021ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ஆனா என்னை யோசிக்க வச்சது ஜெர்மனியில எர்லாங்கன்ல நடந்தது. 2022ல அஞ்சு லூபஸ் நோயாளிங்களுக்கு கார்-டி செல், அதாவது அவங்களோட வெள்ளை அணுவையே லேப்ல மாத்தி அமைச்சது, கொடுத்து பி செல் எல்லாத்தையும் துடைச்சு எடுத்தாங்க, அஞ்சு பேருக்கும் வியாதி அடங்கிடுச்சு, சில மாசத்துல புது பி செல் வந்தப்புறமும் அவங்க பாத்த வரைக்கும் வியாதி திரும்பல. வாசல்ல இலை அப்பவும் விழுந்துக்கிட்டுதான் இருந்திருக்கும், ஆனா அதைப் பாத்து கத்துற ஆளு மாறிட்டான். அதனால இவ்வளவு நேரம் செல் சாவைப் பத்திப் பேசின நானே சொல்றேன், அது எரிபொருள்தான், தீக்குச்சி வேற எங்கயோவும் இருக்கு.

கேள்வி: மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல ஏஎன்ஏ 1:40 பாசிட்டிவ். லூபஸா? எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. (கோவை)

பதில்: 1:40ன்னா ரத்தத்தை 40 மடங்கு நீர்க்க வச்சுப் பாக்குறது. ஆரோக்கியமா இருக்கிறவங்கள்லயே அதுல 100க்கு 30 பேர் கிட்ட பாசிட்டிவ் வரும் சார். தொந்தரவே இல்லாதப்போ அதை ஏன் எடுத்தாங்கன்னுதான் கேக்கணும். ரிப்போர்ட்டை பீரோல வச்சுட்டு தூங்குங்க.