பார்படோஸில் ஒரு பகல்: கேட்டமரான், ஆமைகள், உங்கள் கேள்விகள்

புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து கிளம்பும் தென் கரீபியன் குரூஸில் நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் இறங்கி, கேட்டமரான் என்ற இரட்டை ஓடப் பாய்மரப் படகில் ஏறி, ஆமைகளோடு மிதந்துவிட்டு வந்தேன். முதல் முறை எனக்கு நீச்சல் தெரியாது. இதைச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (டாலஸ்): அக்கா, எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. கணவரும் பசங்களும் தண்ணீரில் இறங்கும்போது நான் படகில் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

வேண்டாம்மா. எனக்கு அதிகம் வரும் கேள்வியே இதுதான், பெரும்பாலும் பெண்கள்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு குப்புற மிதந்தபடி வாயால் நிதானமாக மூச்சு விடத் தெரிந்தால் போதும், ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்யலாம். உப்புத் தண்ணீர் உடம்பைத் தாங்கும், மீதியை ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும். கஷ்டம் மூச்சில்தான் இருக்கிறது. முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சை அடக்கு என்று உடம்பு சொல்லும். அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குக் கடல் சரியான இடம் இல்லை, வீட்டுப் பக்கத்து நீச்சல் குளம்தான் சரி.

கிளம்புவதற்கு முன் மூன்று நாலு சாயங்காலம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பழகுங்கள். மாஸ்க்கும் குழாயும் மாட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். பத்து மூச்சு எண்ணுங்கள். முதல் நாள் மூன்றாவது மூச்சிலேயே தலையைத் தூக்கிவிடுவீர்கள், பரவாயில்லை. பழகிய பிறகு வேண்டுமென்றே மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். குழாயில் தண்ணீர் புகுந்தால் வாயால் ஒரே ஊதாகப் பலமாக ஊத வேண்டும். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் பயத்தில் முக்கால்வாசி போய்விடும்.

அன்றைக்குப் படகில் ஏறியதும் முதல் வேலை, அங்கிருக்கும் ஊழியரிடம் "எனக்கு நீச்சல் தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்வது. இதில் கூச்சமே வேண்டாம். சொன்னால்தான் உங்களுக்கென்று ஒரு வழிகாட்டி வருவார், பிடித்துக்கொள்ள மிதவை கிடைக்கும். "ஓரளவு தெரியும்" என்று சமாளிப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

ஜாக்கெட்டை நீங்களே சரிபாருங்கள். முதல் முறை எனக்குக் கொடுத்தது பெரிய அளவு. தண்ணீரில் இறங்கியதும் அது காது வரைக்கும் ஏறி, கழுத்தைத் திருப்ப முடியாமல் நான் கத்தியே விட்டேன். வழிகாட்டி வந்து வாரை இறுக்கிய பிறகு எல்லாம் சரியானது. அந்த இறுக்கத்தைப் படகிலேயே பார்த்திருக்க வேண்டும். இரண்டு தோள்பட்டையையும் பிடித்து ஒருவரை மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் முகவாய்க்கு மேல் ஏறினால் சின்னதாகக் கேளுங்கள்.

குதிக்காதீர்கள். ஏணியில் இறங்கி, அதைப் பிடித்தபடியே ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். ஒரு கையைத் தூக்கி ஆட்டினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். தலை உச்சியில் கை வைத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அதனால் கரையில் இருப்பவருக்கு டாட்டா காட்ட வேண்டாம்.

கேள்வி (நியூ ஜெர்சி): அமெரிக்காவில் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதி, ஆனால் ஐ-797 (எச்1பி அனுமதிக் கடிதம்) கையில் இருக்கிறது. ஒரு வாரக் குரூஸ்தானே, போய்வரலாமா?

தயவுசெய்து போகாதீர்கள். முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய விசாவே செல்லும் என்று ஒரு விதி இருப்பது உண்மை. ஆனால் எச்1பி உள்ளவர்களுக்கு அது கனடா, மெக்சிகோ போய்வருவதற்கு மட்டும்தான். கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கே உண்டு. சான் ஹுவான் அமெரிக்க மண் என்பதால் அங்கே போகும் விமானம் உள்நாட்டு விமானம், யாரும் விசா கேட்க மாட்டார்கள். அதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கப்பல் பார்படோஸ் போய்விட்டுச் சான் ஹுவானுக்குத் திரும்பும்போது நீங்கள் அமெரிக்காவுக்குள் புதிதாக நுழைகிறீர்கள். பலமுறை நுழைய அனுமதிக்கும், காலாவதியாகாத விசா அப்போது கையில் இருக்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பார்படோஸில் சுற்றுலா விசா தேவையில்லை. மற்ற தீவுகளுக்கு ஆளுக்கொரு விதி. உங்கள் வழித்தடத்தைச் சொல்லிக் கப்பல் கம்பெனியிடம் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் சொன்னதை வைத்து டிக்கெட் போடாதீர்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): கப்பலிலேயே எக்ஸ்கர்ஷன் (கரையில் இறங்கிப் போகும் சுற்றுலா) வாங்குவதா, வெளியே வாங்குவதா? வெளியே விலை குறைவு என்கிறார்களே.

குறைவுதான், கூட்டமும் குறைவு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கப்பல் வழியாக வாங்கிய பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியே வாங்கினால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். முதல் முறை போகிறவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் கப்பலிலேயே வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம்.

வெளியே வாங்குவதாக இருந்தால் காலைப் பயணமாகப் பாருங்கள். கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்க்காதீர்கள், எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரத்தைப் பாருங்கள். அது அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடும் பயணமாக இருக்கட்டும். அப்புறம், கப்பல் நேரமும் தீவின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரத்தைத் தள்ளி வைப்பார்கள், பார்படோஸில் அந்த வழக்கம் இல்லை. எந்த நேரத்தைப் பின்பற்றுவது என்று கப்பலில் கேட்டு, கைக்கடிகாரத்தில் அதையே வையுங்கள். ஃபோன் தானாகவே மாறிவிடும், அதை நம்ப வேண்டாம்.

கேள்வி (மதுரை): கேட்டமரான் என்பது நம் கட்டுமரம்தானே? அதில் போய் நனையாமல் வர முடியுமா?

பெயர் நம்முடையது. 1697-இல் வெளிவந்த ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் அந்தப் பெயரோடு வருகிறது. எனக்கு அதில் நிறையப் பெருமை. ஆனால் வடிவம் வேறு. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம். இரண்டு தனித்தனி ஓடங்களைக் குறுக்கே இணைக்கும் அமைப்பு பசிபிக் தீவுகளின் பாலினேசியர்களுடையது. 1876-இல் அமெரிக்கர் நத்தானியேல் ஹெரஷாஃப் அப்படி ஒரு பாய்மரப் படகு கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளை ஓட ஓட விரட்டினார். அதன் பிறகு அந்த வகைப் படகையே பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

இரண்டு அடிப்பாகம் இருப்பதால் படகு பாய் விரித்தாலும் அதிகம் சாயாது, கரைக்கு நெருக்கமாகவும் போக முடியும். முன்பக்கம் இரண்டு ஓடங்களுக்கு நடுவே வலை கட்டியிருப்பார்கள், அதில் படுத்துக்கொண்டு போகலாம். அங்கே படுத்தால் நனையாமல் வர முடியாது!

கேள்வி (சான் ஹோசே): பஸ்ஸில் போனாலே வாந்தி எடுப்பவள் நான்.

பார்படோஸ் இதற்கு நல்ல இடம். காற்று கிழக்கிலிருந்து, அட்லாண்டிக் பக்கமிருந்து வீசும். கேட்டமரான்கள் போவது மேற்குக் கரையோரம். தீவே காற்றைத் தடுத்து நிற்பதால் அந்தப் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பின்பக்கம், நடுவாக உட்காருங்கள். தூரத்துக் கரையைப் பாருங்கள், ஃபோனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதானால் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்கூட்டியே போட வேண்டும். தூக்கம் வராத வகை எது என்று டாக்டரிடம் கேளுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், முழு பஃபே காலை உணவும் வேண்டாம்.

கேள்வி (சென்னை): அப்பாவுக்கு 68 வயது. பிபி, சர்க்கரை இரண்டும் உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆசைப்படுகிறார்.

படகுப் பயணத்துக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். தண்ணீரில் இறங்குவதை மட்டும் அவருடைய டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்நார்க்கலிங் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் இதயத்துக்கு அது வேலைதான். ஹவாயில் ஸ்நார்க்கலிங் செய்யும்போது நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தவர்கள் கவனித்த ஒரு விஷயம் என்னை உலுக்கியது. பலர் திணறாமல், கத்தாமல், நிற்கக்கூடிய ஆழத்தில்கூடச் சத்தமில்லாமல் மயங்கியிருக்கிறார்கள். குழாய் வழியாகச் சிரமப்பட்டு மூச்சை இழுக்கும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

அதனால் எந்த வயதினருக்கும் நான் சொல்வது ஒன்றே. நீந்தாமலே மூச்சு வாங்கினாலோ, திடீரென்று கைகால் சோர்ந்தாலோ, அந்த நொடியே குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மல்லாந்து மிதந்து, கையைத் தூக்குங்கள். "இன்னும் ஒரு ஆமை பார்த்துவிட்டு" என்று நினைக்காதீர்கள். அப்பா தனியாக மிதக்க வேண்டாம், நீங்கள் கை எட்டும் தூரத்தில் இருங்கள். முட்டி வலி உண்டா என்றும் கேளுங்கள். இறங்குவது சுலபம், களைத்த உடம்போடு ஏணியில் ஏறுவதுதான் கஷ்டம்.

கேள்வி (கோயம்புத்தூர்): என்ன உடுத்துவது? தாலியைக் கழற்ற எனக்கு மனம் வராது.

கழற்ற வேண்டாம். முழுக்கை நீச்சல் சட்டையும் முழுக்கால் நீச்சல் பேன்ட்டும் போடுங்கள், தாலி உள்ளே போய்விடும். வெயிலுக்கும் அதுதான் நல்லது. குப்புற மிதக்கும்போது முதுகும் முழங்கால் பின்பக்கமும் வெந்துவிடும், அன்று ராத்திரிதான் தெரியும். துப்பட்டா, தளர்ந்த சுடிதார் எதுவும் வேண்டாம், காலைச் சுற்றும். மோதிரம், வளையல் எல்லாம் கப்பல் லாக்கரில் இருக்கட்டும். பளபளப்பு பாரகூடா மீனை ஈர்க்கும் என்பார்கள், ஈரத்தில் மோதிரம் நழுவிப் போவதும் உண்டு.

இன்னொன்று. ராணுவ உடை மாதிரிப் புள்ளி போட்ட (கேமஃப்ளாஜ்) உடை பார்படோஸில் சட்டப்படி தடை, குழந்தைகளுக்கும் சேர்த்து. பையனின் தொப்பியைக்கூடப் பாருங்கள்.

கேள்வி (லண்டன்): சுத்த சைவம். படகில் ஏதாவது கிடைக்குமா?

முன்கூட்டியே எழுதிச் சொன்னால் கிடைக்கும். அங்கே "ரைஸ் அண்ட் பீஸ்" என்று பயறு சோறு பரிமாறுவார்கள். பார்த்தால் நம் சாப்பாடு மாதிரி இருக்கும், ஆனால் உப்பிட்ட பன்றி இறைச்சி போட்டு வேகவைக்கும் வழக்கம் உண்டு. மெக்ரோனி பை (pie) என்ற பண்டத்தில் முட்டை இருக்கலாம். இரண்டையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வறுத்த வாழைப்பழம், சாலட், பழங்களை நம்பலாம். மீன் சாப்பிடுபவர்கள் பறக்கும் மீனை விடாதீர்கள்.

ரம் பஞ்ச் பற்றிக் கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு புளிப்பு, இரண்டு இனிப்பு, மூன்று ரம், நான்கு தண்ணீரோ பழச்சாறோ என்பது அந்த ஊர்க் கணக்கு. அன்றைக்குத் தண்ணீரில் இறங்குவதெல்லாம் முடிந்து, கடைசியாக ஏறிய பிறகுதான் முதல் கிளாஸ்.

கேள்வி (சிகாகோ): கண்ணாடி போடுபவன், மீசையும் உண்டு.

பவர் வைத்த மாஸ்க் ரெடிமேடாகவே கிடைக்கிறது, வாங்கிக்கொண்டு போங்கள். பவர் குறைவு என்றால் சாதாரண மாஸ்க்கே போதும். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் அளவு. மீசை வழியாகத் தண்ணீர் கசியும், கொஞ்சம் வாசலின் தடவிப் பாருங்கள். ஆவி படியாமல் இருக்க ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தேய்த்து அலசினால் போதும்.

கேள்வி (டொரோண்டோ): அக்கா, ஆமைகளைத் தொட்டுப் பார்க்க ஏலுமோ? பிள்ளைகள் ஆசைப்படினம்.

தொட வேண்டாம் தங்கச்சி. அவை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், சுற்றி நின்று வழி மறித்தால் தவிக்கும். ஒரு காலத்தில் அங்கே ஆமைகளைப் பிடித்து இறைச்சிக்கும் ஓட்டுக்கும் விற்றார்கள், 1998-இல்தான் முழுத் தடை வந்தது. இன்று நம் பிள்ளைகள் பார்ப்பது அந்தத் தடையால்தான். பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், கையைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். அசையாமல் மிதந்தால் பச்சை ஆமை தானாகவே பக்கத்தில் வரும். பவளத்தின் மேல் கால் ஊன்றக் கூடாது. சன்ஸ்கிரீனில் பவளத்துக்குக் கெடுதல் என்று சொல்லப்படும் ஆக்ஸிபென்சோன் இல்லாததாக, ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாக வாங்குங்கள். அதே கரீபியனில் இருக்கும் அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் 2020 முதல் அந்த ரசாயனத்துக்குத் தடையே இருக்கிறது. உங்கள் கப்பல் அங்கேயும் நிற்கலாம்.

கேள்வி (டாலஸ் வாசகியே மறுபடியும்): குளத்தில் மூன்று நாள் பழகினேன் அக்கா. ஆனாலும் அன்றைக்குப் படகில் பயந்துவிட்டால் காசு வீண்தானே?

அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் கேட்டமரானே வேண்டாம், கார்லைல் பே கடற்கரைக்குப் போங்கள். துறைமுகத்திலிருந்து டாக்ஸியில் சில நிமிடங்கள். மணல் மெதுவாக ஆழமாகும், நின்றபடியே பழகலாம். அங்கேதான் 1919-இல் மூழ்கிய பெர்வின் என்ற இழுவைக் கப்பல் கிடக்கிறது. சுமார் இருபது அடி ஆழம், மேலே மிதந்தபடியே பவளமும் மீனும் மொய்த்த அதன் உடம்பைப் பார்க்கலாம். அங்கே போகும்போது மட்டும் வழிகாட்டியோடு போங்கள், படகுகள் நடமாடும் இடம் அது. கரையில் சிவப்புப் பட்டை பூசிய மரத்தடியில் உட்காராதீர்கள். அது மான்சினீல். அதன் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், சின்ன ஆப்பிள் போன்ற பழமும் விஷம். மழை பெய்தாலும் அதன் கீழே ஒதுங்கக் கூடாது.

ஆனால் மூன்று நாள் பழகியவர் நீங்கள். பத்து மூச்சு எண்ண முடிகிறதா? முடிகிறது என்றால் கேட்டமரானுக்கே பெயர் கொடுங்கள்.