கெட்ட நினைப்பு வந்தாலே பாவமா? கேட்டவர்களுக்குப் பதில்

சிந்தனையில் பரிசுத்தமாக இருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பார்த்தாலே மனசு எங்கேயோ போகிறது. மத்தேயு 5:28-படி அப்போதே பாவம் செய்துவிட்டேனா?

தம்பி, 'இச்சையோடு பார்க்கிற எவனும்' இருதயத்தில் விபசாரம் செய்தாயிற்று என்றுதான் இயேசு அங்கே சொல்கிறார், கண்ணில் பட்டதையே குற்றம் என்று சொல்லவில்லை. அழகாக இருக்கிறாள் என்று தோன்றுவது வேறு, அடுத்த ஸ்டாப் வரைக்கும் அவளை வைத்து மனசுக்குள் ஒரு படம் ஓட்டுவது வேறு. 4-ம் நூற்றாண்டில் எவாக்ரியுஸ் என்று ஒரு துறவி இருந்தார். கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பெரிய அதிகாரியின் மனைவிமேல் மனசு போய், ஊரை விட்டே கிளம்பி, கடைசியில் எகிப்து வனாந்தரத்தில் போய் உட்கார்ந்தவர். அங்கேயும் நினைப்புகள் விடவில்லை. நினைப்பு வந்து தொந்தரவு செய்வது நம் கையில் இல்லை, அதைத் தங்க விடுவதும் விடாததும் நம் கையில் இருக்கிறது என்று அவர் எழுதியது அனுபவத்தில் வந்த பேச்சு. வனாந்தரத்துக்கே தேடி வந்தது உங்கள் பஸ்ஸுக்கு வராதா?

கேள்வி: 'இயேசுவின் ரத்தம் ஜெயம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கெட்ட நினைப்பு போக மாட்டேன் என்கிறது பிரதர்.

நினைக்கவே கூடாது என்று அதோடு மல்லுக்கு நின்றால் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மத்தேயு 12-ல் ஒரு மனுஷனை விட்டுப் போன அசுத்த ஆவி திரும்பி வரும்போது, அவன் மனசு என்ற வீடு பெருக்கி ஜோடித்துதான் இருந்தது, ஆனால் காலியாக இருந்தது, அதனால் இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிவிட்டது. அந்த இடத்தில் வேறு ஏதாவது இருக்க வேண்டும். வனாந்தரத்தில் சோதனை வந்தபோது இயேசு சொன்ன மூன்று பதிலும் உபாகமம் 6, 8 அதிகாரங்களில் இருக்கிற வசனங்கள்தான், முன்பே மனசில் இருந்ததால் வாயில் வந்தது. நீங்களும் ஒரு சங்கீதத்தையாவது மனப்பாடம் செய்யுங்கள், நினைப்பு வரும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுந்து நடங்கள். அப்புறம் போன். ராத்திரி 11 மணிக்குப் போர்வைக்குள் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே பரிசுத்தத்துக்காக ஜெபிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சார்ஜரை ஹாலில் மாட்டுங்கள்.

கேள்வி: சபையில் திருவிருந்து அப்பம் வாங்க முழங்காலில் நிற்கும்போது ஆண்டவரைப் பற்றியே அசிங்கமான வார்த்தைகள் மனசில் ஓடுகின்றன. எனக்கு மன்னிப்பே கிடையாதா?

சகோதரி, இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுதினேன். 'மோட்சப் பிரயாணம்' எழுதிய ஜான் பனியனுக்கு, சாப்பிட உட்கார்ந்தாலும், குனிந்து ஒரு ஊசியை எடுத்தாலும், ஒரு குச்சியை வெட்டினாலும் 'கிறிஸ்துவை விற்றுப்போடு, விற்றுப்போடு' என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்ததாம். 1666-ல் வந்த தன் வாழ்க்கைக் கதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். உங்களுக்கு அந்த வார்த்தைகள் பிடித்திருந்தால் இப்படி அழுதுகொண்டு கேட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் அவற்றைச் சம்மதித்துச் சொல்லவில்லை, அவை வந்து விழுகின்றன. ஒவ்வொரு தடவையும் பத்து முறை மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள், அதனால்தான் இது இன்னும் இறுகுகிறது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு அப்பத்தை வாங்குங்கள். இது ஓசிடியாகவும் (வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து படுத்தும் மனநோய்) இருக்கலாம், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அவர்களிடம் இதைப் பற்றிப் பேசாதீர்கள்.

கேள்வி: இச்சை எல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை ஐயா, நாத்தனார் நினைப்புதான்.

அம்மா, நல்ல கேள்வி. பரிசுத்தம் என்றாலே நம் ஆட்கள் பாலியலோடு நிறுத்திவிடுகிறார்கள். மாற்கு 7-ல் இருதயத்திலிருந்து புறப்படுகிறவற்றில் விபசாரத்தோடு வன்கண்ணும் (பொறாமை) பெருமையும் வருகிறது. காய் நறுக்கும்போதெல்லாம் அவர் பேசினதை மறுபடி ஓட்டி, நீங்கள் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது சொல்லிப் பார்க்கிறீர்கள் இல்லையா, அதுவும் அசுத்தம்தான். அவர் பெயரைச் சொல்லி, அவருடைய தேவைக்காக ஒரு வரி ஜெபியுங்கள். குறை சொல்லும் ஜெபம் வேண்டாம்.

கேள்வி: சினிமாப் பாட்டு கேட்கலாமா?

எந்தப் பாட்டு, கேட்டபின் மனசு எங்கே போகிறது? அது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: 16 வயது மகன் போனில் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். சபையில் ஜெபக்குறிப்பாகச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலும் யார் பையன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அவன் அப்புறம் சபைப் பக்கமே வரமாட்டான். அவன் அப்பாவோ, அவனுக்குப் பிடித்த மாமாவோ தனியாக உட்கார்ந்து, அதட்டாமல், எப்போதிலிருந்து என்று கேட்கட்டும். ராத்திரி போன் ஹாலில்தான் என்ற சட்டம் போடுவதானால் வீட்டில் எல்லாருக்கும் போடுங்கள், அப்பாவுக்கும் சேர்த்து.