ட்ரக்கில் வீட்டுக்குப் போனால் அது வேலை நேரமா? ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் சரக்கு ட்ரக் ஓட்டுபவர்களுக்கான கணக்கு தெரிந்ததுதான். தொடர்ந்து 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு வேலையைத் தொடங்கினால் 14 மணி நேரம் கிடைக்கும். அதற்குள் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். மொத்த வேலை 7 நாளில் 60 மணி நேரத்தையோ 8 நாளில் 70 மணி நேரத்தையோ தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஓட்ட முடியாது. குழப்பமெல்லாம் 'பெர்சனல் கன்வேயன்ஸ்' என்கிற இடத்தில்தான். வேலை முடிந்து ஆஃப் டூட்டியில் இருக்கும்போது சொந்தத் தேவைக்கு ட்ரக்கை ஓட்டுவதற்கு இந்தப் பெயர். ஓட்டுநர்கள் 'பிசி' என்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவை.

டெக்சாஸ் வாசகர்: இறக்குமிடத்தில் ஐந்து மணி நேரம் காக்க வைத்துவிட்டார்கள். என் நேரமும் தீர்ந்துவிட்டது. வளாகத்துக்குள் நிற்கக்கூடாது என்கிறார்கள். வண்டியை எப்படி எடுப்பது?

பிசியில் எடுக்கலாம். லோடு ஏற்றிய பிறகோ இறக்கிய பிறகோ பக்கத்தில் உள்ள பாதுகாப்பான ஓய்விடத்துக்குப் போவதை அனுமதிக்கலாம் என்று மத்திய மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகம் 2018 விளக்கத்தில் எழுதியே வைத்திருக்கிறது. அதற்கு முன்பு லோடு இருந்தால் பிசியே கிடையாது. இப்போது டிரெய்லரில் சரக்கு இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் 'பக்கத்தில்' என்பதை மறக்காதீர்கள். 8 மைலில் ட்ரக் ஸ்டாப்பில் இடம் இருக்கிறது. நாளைய லோடு அதே சாலையில் 60 மைல் தள்ளி. 'அங்கேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம்' என்று எட்டாவது மைலைத் தாண்டிப் போனால் அது பிசி இல்லை, வேலை. நடுவில் ஓய்விடத்தை விட்டுவிட்டு அடுத்த லோடுக்கு நெருங்குவதை அந்த விளக்கமே தவறான உதாரணமாகக் காட்டுகிறது. முதல் இடம் நிரம்பியிருந்தால் அடுத்த இடத்துக்குப் போகலாம். ஏன் தாண்டினீர்கள் என்று லாக்கில், அதாவது உங்கள் பணி நேரப் பதிவில், ஒரு வரி குறிப்பு எழுதுங்கள். வழியில் நிறுத்தும் அதிகாரி முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நியூ ஜெர்சி வாசகர்: வார இறுதியில் என் சொந்தக் காரில் ஊபர் ஓட்டுகிறேன். ட்ரக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையே?

இருக்கிறது. இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை, கேட்காமலே ஓட்டுகிறார்கள். காசு வாங்கிச் செய்யும் எந்த வேலையும், அது ட்ரக் கம்பெனிக்கு அல்லாமல் வேறு யாருக்குச் செய்தாலும், விதிப்படி 'ஆன் டூட்டி' நேரம். ஊபர், உணவு டெலிவரி, மாமா கடையில் சம்பளத்துக்கு நிற்பது எல்லாமே இதில் அடக்கம். அந்த மணி நேரம் உங்கள் 60 அல்லது 70 கணக்கில் சேரும். வாராந்திரக் கணக்கைப் புதிதாக்க 34 மணி நேர ஓய்வு எடுக்கிறீர்கள் என்றால், நடுவில் ஒரு சவாரி போதும், அந்த ஓய்வு உடைந்துவிடும். கம்பெனிக்கு இந்த மணிக்கணக்கைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

அதே காரில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும், கடைக்குப் போவதும், கோவிலில் சம்பளமில்லாமல் சேவை செய்வதும் எந்தக் கணக்கிலும் வராது. ஆக, எந்த வண்டி என்பது விஷயமே இல்லை. யாருக்காக ஓட்டுகிறீர்கள், காசு வருகிறதா என்பதுதான் கேள்வி. ட்ரக்கிலேயே உணவகத்துக்குப் போனால் ஆஃப் டூட்டி, காரில் சவாரி ஏற்றினால் ஆன் டூட்டி. விசித்திரம்தான், ஆனால் தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது.

பிராம்டன் வாசகர்: கனடாவிலும் அமெரிக்காவிலும் ஓட்டுகிறேன். இரண்டு பக்கமும் பிசி ஒன்றுதானா?

இல்லை, இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கனடாவில் சொந்த உபயோகம் ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர்தான். சரக்கு இறக்கியிருக்க வேண்டும், டிரெய்லரைக் கழற்றியிருக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஓடோமீட்டர் எண் பதிவாக வேண்டும். அமெரிக்காவில் தூர வரம்பு இல்லை, லோடு தடையும் இல்லை. ஆகவே அமெரிக்க எல்லை நகரமான பஃபலோ பக்கத்தில் லோடோடு பிசியில் போய் நின்றது சரி. அதையே பாலம் தாண்டி கனடாவின் ஃபோர்ட் ஈரியில் செய்தால் சாதாரண ஓட்டும் நேரம். ஓட்டும் நேர வரம்பும் வேறு: கனடாவின் தெற்குப் பகுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம், அமெரிக்காவில் 11. எல்லையைக் கடந்ததும் மின்னணு லாக் எந்த நாட்டு விதியில் இருக்கிறது என்று பாருங்கள்.

அமெரிக்காவில் தூர வரம்பே இல்லையென்றால் டெர்மினலிலிருந்து (கம்பெனியின் வண்டி நிலையத்திலிருந்து) 200 மைல் தள்ளி இருக்கும் வீட்டுக்கு ட்ரக்கிலேயே போகலாமா?

எண்ணாக வரம்பில்லை என்பதற்காக எதுவும் செய்யலாம் என்றில்லை. டெர்மினலுக்கும் வீட்டுக்கும் போய்வருவது பிசியில் வரும், ஆனால் போய்வந்த பிறகு போதுமான ஓய்வு மிஞ்ச வேண்டும் என்கிறது அதே விளக்கம். 10 மணி நேர ஓய்வில் 200 மைல் போய்த் திரும்பினால் தூங்க என்ன மிஞ்சும்? களைத்த நிலையில் ஓட்டக்கூடாது என்ற விதி பிசியிலும் உண்டு. கம்பெனி விரும்பினால் மைல் வரம்பு வைக்கலாம், பிசியே கூடாது என்றும் சொல்லலாம்.

நடுவில் ஒரு மணி நேரம் பிசியில் சாப்பிடப் போனால் 14 மணி நேரக் கடிகாரம் நிற்குமா?

நிற்காது. காலை 6 மணிக்குத் தொடங்கினால் இரவு 8 மணிக்கு முடிந்தது.

இன்னொரு வாசகர்: என் டிஸ்பேட்சர், அதாவது கம்பெனியில் லோடு ஒதுக்குபவர், காலி டிரெய்லரோடு அடுத்த லோடு எடுக்கப் போவதையும் ஒர்க்ஷாப்புக்குப் போவதையும் பிசியில் போடச் சொல்கிறார்.

இரண்டுமே பிசி இல்லை. அடுத்த லோடுக்காகக் காலியாக ஓட்டுவதும் ரிப்பேருக்கு வண்டியைக் கொண்டுபோவதும் கம்பெனி வேலைதான். டிஸ்பேட்சர் சொன்னார் என்பதால் லாக் உண்மையாகிவிடாது. லாக் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. வற்புறுத்தினால், விதிக்கு எதிரானது என்று மெசேஜிலேயே மறுத்து எழுதுங்கள், போனில் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். ஓட்டுநரை விதியை மீறச் சொல்லி மிரட்டுவது 2016 ஜனவரியிலிருந்து தனிக் குற்றம். சம்பவம் நடந்து 90 நாளுக்குள் நிர்வாகத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும். அந்தப் புகாருக்கு மெசேஜ்தான் பலம்.

மற்றொரு வாசகர்: பிசி போட்டால் கம்பெனியும் போலீசும் என்னைப் பார்க்க முடியாது என்று நண்பர் சொல்கிறார்.

முழுக்கச் சரியில்லை. மின்னணு லாக் வழக்கமாக இடத்தை ஏறக்குறைய ஒரு மைல் துல்லியத்தில் பதிகிறது. பிசியில் அது பத்து மைலாகத் தளரும், அவ்வளவுதான். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று அதிகாரி எளிதில் கணக்கிடுவார். சரக்கு பில்லில் உள்ள லோடு விவரத்தோடு ஒப்பிடவும் செய்வார்.