எங்கள் ஊர் ஜங்ஷனை அரசுப் பணம் இல்லாமல் தனியார் முதலீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா?

முடியும். ஆனால் தனியார் பணம் ரயில் நிலையத்தைத் தேடி வருவதில்லை. அதை ஒட்டிய மனையைத் தேடி வருகிறது. வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

போபாலில் ஹபீப்கஞ்ச் நிலையத்தை 2017இல் பன்சல் குழுமத்திடம் கொடுத்தார்கள். 2021 நவம்பரில் ராணி கமலாபதி என்ற புதுப்பெயரோடு திறந்தார்கள். நிலையத்துக்குச் சுமார் 100 கோடி ரூபாய். பக்கத்து வணிக வளாகங்களுக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு 8 ஆண்டு, நிலத்தின் குத்தகை 45 ஆண்டு. முதலாளியின் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். அவரைக் குறை சொல்லவில்லை. டிக்கெட் வசூல் ரயில்வேக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது கடை வாடகை, விளம்பரப் பலகை, வண்டி நிறுத்தும் கட்டணம். வாடகை நன்றாக வந்தால்தான் தவணை கட்ட முடியும்.

ஒருமுறை அங்கே இரவு ரயிலுக்காகக் காத்திருந்தேன். தண்டவாளங்களுக்கு மேலே விசாலமான கூடம், பளபளக்கும் தரை. எனக்கு எதிரே ஒரு குடும்பம் துண்டை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு அவர்களால் பத்துப் பைசா வரவு இல்லை. (என் பையிலும் புளியோதரைதான் இருந்தது.)

புது தில்லி நிலையத்துக்கும் முதலில் இதே வழியைத்தான் யோசித்தார்கள். சுமார் 5,000 கோடி ரூபாய்த் திட்டம். 2021இல் தகுதிச் சுற்றுக்கு ஒன்பது நிறுவனங்கள் விண்ணப்பித்தன. பிறகு போக்கு மாறியது. 2022 செப்டம்பரில் புது தில்லி, மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் (சிஎஸ்எம்டி), அகமதாபாத் மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 10,000 கோடி ரூபாயை மத்திய அமைச்சரவையே ஒதுக்கியது. சென்னை எழும்பூர் நிலையத்தின் புதுப்பிப்பு வேலையும் அரசுப் பணத்தில்தான்.

கடன் கொடுப்பவனாக எனக்கு இதில் வியப்பில்லை. ரயில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் தூண் நட வேண்டுமானால், ரயில்வே வழி விடும் அந்தச் சில மணி நேரத்தில்தான் நட முடியும். வேலை நின்றாலும் வட்டி நிற்காது. அதைப் பயணியிடம் வாங்கலாமே என்ற யோசனையும் வந்தது: புதுப்பித்த நிலையங்களில் வகுப்புக்கு ஏற்ப 10 முதல் 50 ரூபாய் வரை மேம்பாட்டுக் கட்டணம் என்று 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது.

நீங்கள் உங்கள் ஜங்ஷனுக்கு வெளியே ஒருநாள் நின்று பாருங்கள். ரயில்வேயின் காலி நிலம் எவ்வளவு, எதிர்ச் சாரியில் கடை வாடகை என்ன என்று விசாரியுங்கள். வாடகை சொற்பம் என்றால் டெண்டர் போட ஆள் வரமாட்டார்கள்.