பரிசோதனைக் கெடு கடந்த காரின் சாலை வரியும் காப்புறுதியும்

வணக்கம். எட்டு ஆண்டான உங்கள் காரின் பரிசோதனைக் கெடு கடந்துவிட்டது, சாலை வரி அடுத்த வாரம் முடிகிறது, காப்புறுதி செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் மூன்று முதல் பத்து ஆண்டு வரையிலான கார்கள் ஈராண்டுக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறாதவரை நிலப் போக்குவரத்து ஆணையம் சாலை வரியைப் புதுப்பிக்க விடாது. வரி முடிந்த காரை ஓட்டாமல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடத்தில் வைத்திருந்தாலும் குற்றமே (பலர் இதை நம்புவதில்லை). பரிசோதனைக் கெடு கடந்ததால் மட்டும் காப்புறுதி பொதுவாகத் தானாக ரத்தாவதில்லை. ஆனால் விபத்துக்குத் தேய்ந்த டயரோ பழுதான பிரேக்கோ காரணமெனத் தெரிந்தால், வாகனத்தைத் தகுந்த நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டி, உங்கள் காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கக்கூடும். வரி நடப்பில் இருக்கும்போதே விக்காம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள்.