குளத்துச் சேற்றுக்குள் காந்த ஊசி: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து நண்பர்கள், உடலுக்குள் காந்தத் துகள்களை வளர்த்துக்கொள்ளும் காந்தப் பாக்டீரியா பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

அண்ணா, பாக்டீரியாவுக்குள் காந்தம் எப்படி வருகிறது? (ஐந்தாம் படிவ மாணவி)

அதுவே செய்துகொள்கிறது, தங்கச்சி. தண்ணீரில் கரைந்த இரும்பை உறிஞ்சி, மெல்லிய சவ்வுப் பைக்குள் மேக்னடைட் என்ற காந்தக் கனிமப் படிகமாக வளர்க்கிறது. சில வகைகள் கந்தகம் கலந்த கிரெகைட்டைச் செய்யும். 1975இல் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் பிளேக்மோர் இவற்றைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. ஆனால் 1963லேயே இத்தாலியின் பவியாவில் சல்வத்தோரே பெல்லினி இவற்றைக் கண்டு எழுதிவிட்டார். அவர் பெயரைப் பலரும் விட்டுவிடுவது எனக்கு வருத்தம்.

பாக்டீரியாவின் காந்தத் துகள் ஏன் குறிப்பிட்ட அளவிலேயே இருக்கிறது? (இயற்பியல் ஆசிரியர்)

அழகே அதில்தான் இருக்கிறது, சார். பெரும்பாலும் 35 முதல் 120 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). சுமார் 30க்குக் கீழே போனால் சாதாரண வெப்பமே காந்தத் திசையைக் கலைத்துவிடும். மிகவும் பெரிதானால் ஒரே துகளுக்குள் பல திசைகள் உண்டாகி, ஒன்றின் பலத்தை மற்றது குறைக்கும். இடைப்பட்ட அளவில்தான் துகள் முழுவதும் ஒரே காந்தமாக நிற்கும். அப்படிப்பட்ட பத்திருபது துகள்கள் வரிசையில் நின்றால் திசைகாட்டி ஊசிதான். செத்த பாக்டீரியாகூட வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும்!

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊர்ப் பாக்டீரியாவுக்கும் வட நாட்டுக் கதைதானா?

இல்லை. வட நாடுகளில் பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குள் சரிவாக இறங்கும். அதைப் பிடித்து நீந்தினால், இவற்றுக்குப் பிடித்த ஆக்ஸிஜன் குறைந்த சேற்றுக்குப் போய்ச் சேரலாம். தெற்கே கோடுகள் மேல்நோக்கிச் சாய்வதால் அங்குள்ளவை எதிர்த்திசையில் நீந்தும். காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கேதான் போகிறது. அதனால் இங்கே கோடுகள் ஏறக்குறைய படுத்தே கிடக்கின்றன. ஆய்வு நடந்தபோது இதே நிலையில் இருந்த பிரேசிலின் ஃபோர்த்தலேசாவில், வடக்கு நோக்கி நீந்துபவை, தெற்கு நோக்கி நீந்துபவை என இரண்டு வகையும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தன. நம் ஈயக்குட்டைச் சேற்றையும் யாராவது இப்படி எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் துருநிறச் சேறும் எண்ணெய்ப் படலமும் மிதக்கிறதே, அதுவும் காந்தமா, தம்பி? (ஓய்வுபெற்ற கங்காணி)

அது வேறு கூட்டம், ஐயா. இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியா. அந்தத் துரு காந்தத்தில் ஒட்டாது. படலத்தைக் குச்சியால் குத்திப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்தால் பாக்டீரியா, உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். ஆனால் காற்றில்லாத அடிச்சேற்றில் ஜியோபாக்டர் என்ற வகை, துருவையே சுவாசத்துக்குப் பயன்படுத்தி, உடம்புக்கு வெளியே மேக்னடைட்டாக மாற்றிப் போடும். அவை வரிசையில் நிற்பதில்லை. பல துகள்கள் மிகவும் பொடி என்பதால் காந்தத்தை நிலையாகப் பிடித்து வைப்பதுமில்லை.

புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

மாறும் காந்தப்புலத்தில் பாக்டீரியாவின் காந்தத் துகள் சூடேறும். அந்தச் சூட்டால் கட்டியை அழிக்க எலிகளில் சோதித்திருக்கிறார்கள். பாக்டீரியாத் துகள் மருத்துவமனைச் சிகிச்சையாக இன்னும் வரவில்லை, அக்கா.

பள்ளியில் பார்க்க முடியுமா?

முடியும். குளத்துச் சேற்றையும் தண்ணீரையும் போத்தலில் எடுத்து, மூடியை இறுக்காமல் நிழலில் சில வாரம் வையுங்கள். பிறகு சேற்றுக்குச் சற்று மேலே, போத்தலின் ஒரு பக்கத்தில் ஒரு காந்தத்தின் வடமுனையையும் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு காந்தத்தின் தென்முனையையும் ஒட்டி வையுங்கள். அரை மணி நேரம் கழித்து முனையருகே ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பக்கத்தில் காந்தத்தைத் திருப்பினால் கூட்டமே திரும்பி நீந்தும். நம் ஊரில் இரண்டு வகையும் இருக்கலாம், அதனால் இரண்டு முனையிலிருந்தும் எடுக்க மறக்காதீர்கள்.